நிலைக்குரல்

அப்பு, உன் கடிதம் வந்து சேர்ந்தது. எடுத்தவுடன் சுகம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீதான். எனக்கு முழங்கால் வலி விடவில்லை. சிவப்பி கன்று போட்டிருக்கிறாள். மலையில் மழை இன்னும் ஓயவில்லை. மதுரையில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் சாப்பிடுகிறேன் என்றுதான் எழுதுவாய், ஆகையால் அதைக் கேட்கவில்லை. நீ கேட்டதற்கு வருகிறேன்.

உனக்குப் பார்த்திருக்கிற பெண்ணின் தாய்மாமன் உன்னை அங்கே வந்து பார்ப்பதற்கு முன்னால் சிலமலையிலிருந்து இங்கேதான் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர், எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். "தப்பா எடுத்துக்கிராதீக மதினி. எங்களுக்குப் பையனப் பிடிச்சிருக்கு, வீட்டப் பிடிச்சிருக்கு. ஒங்க கழுத்தப் பத்தித்தான் பொம்பளைக பேசிக்கிர்றாக" என்றார். என் கழுத்துக்கு என்ன என்று கேட்டேன். "அண்ணே இருக்காருன்னா எங்க இருக்காருன்னு சொல்லுங்க. இல்லேன்னா செய்ய வேண்டியதச் செஞ்சு முடிச்சிருங்க. ரெண்டுங்கெட்டானா நிக்கிற கழுத்தோட நீங்க தாலித் தட்டத் தொட்டா எங்க புள்ளைக்கு என்ன ஆகுமோன்னு பயப்படுறாக. ஒரு முடிவு சொல்லிட்டீகன்னா நாங்க தையில பந்தக்கால் ஊன்றிருவோம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவர் தெருமுனை திரும்புகிறவரைக்கும் என் கை கழுத்தில்தான் இருந்தது.

அவர் சொன்னதையெல்லாம் நீயும் எழுதியிருக்கிறாய். நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம் ஆத்தா என்று எழுதியிருக்கிறாய். அது நல்ல பிள்ளை எழுதுகிற வரி, எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள். ஆனால் அடியில், இடம் இல்லாத இடத்தில், நெருக்கி ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "அப்பா இருக்காரா ஆத்தா?" என்று, அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாகப் படி.

உன் அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேர் இல்லாததற்குப் பேர் வைப்பார். கல்யாணமான புதிதில் நான் சாமான் அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று மறந்து, பானைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் வாசலில் நின்று சிரிப்பார். "என்ன, வந்தமறதியா?" என்பார். இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதே இல்லையே என்றால், "கேட்டிருக்க மாட்ட. இப்பத்தான் செஞ்சேன். பேரு வச்சாத்தான கூப்புட முடியும், கூப்புட முடிஞ்சாத்தான வெரட்ட முடியும்" என்பார். ஊரில் எல்லாரும் மாட்டுக்குப் பேர் வைப்பார்கள், வயலுக்குப் பேர் வைப்பார்கள். இவர் மனசுக்குள்ளே மேய்கிறதற்கெல்லாம் பேர் வைத்தார். சோலி இல்லாதவன் பூனைக்குச் சிரைத்தானாம் என்று உன் பாட்டன் முணுமுணுப்பார்.

எனக்கு முதலில் இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. போகப்போக அந்த வார்த்தைகள் இல்லாமல் எனக்குப் பேச வரவில்லை. ஒன்றைப் பார்த்ததும் இது ஏன் இப்படி இருக்கிறது என்று உள்ளுக்குள் ஊறுமே, அதற்கு ஏனரிப்பு என்று பேர் வைத்தார். உனக்கு அது பிறக்கும்போதே இருந்தது. எறும்புப் புற்றைத் தோண்டிக் கடி வாங்கிக்கொண்டு வந்து, எந்த எறும்பு முதலில் கடித்தது என்று என்னிடம் கேட்டவன் நீ. தெரியாததை மறைத்துத் தெரிந்த மாதிரிப் பேசுகிறதற்குத் தெரிபூச்சு என்றார். விரிசல் விட்ட தரையைச் சாணி போட்டு மெழுகினால் விரிசல் போனது போல இருக்குமே, அது. மலையில் மஞ்சு இறங்கினால் கால் வைக்கிற இடம் தெரியும், அடுத்த எட்டு தெரியும், அதற்குமேல் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருக்கும். நம்முடைய அறிவெல்லாம் அப்படித்தான் என்று அதற்கு மஞ்சறிவு என்று பேர்.

நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், காசி எந்தத் திசையில் இருக்கிறது என்று வாத்தியார் கேட்டதற்கு நீ எழுந்து நின்று, "எனக்கு மஞ்சறிவா இருக்குங்கய்யா" என்று சொன்னாய். அப்படி ஒரு வார்த்தை தமிழிலேயே கிடையாது என்று உனக்குக் கையில் இரண்டு போட்டு அனுப்பினார். அழுதுகொண்டே வந்தாய். உன் அப்பா உன் கையை ஊதிவிட்டுக்கொண்டே, "தெரியாதுன்னு சொல்றதுக்கு வாத்தியாருகிட்ட ஒரு வார்த்தைகூட இல்ல போலிருக்கு. நம்மகிட்ட இருக்கு, நாம பணக்காரங்கடா" என்றார். நீ அழுகையோடு சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு இருக்கிறதோ என்னவோ.

ஏனரிப்பை அவர் இரண்டாகப் பிரித்ததையும் சொல்ல வேண்டும். தேடினால் தெரிந்துவிடும் என்பது ஒரு வகை. எவ்வளவு தேடினாலும் கைக்கு வராதது இன்னொரு வகை, அதற்கு எட்டாவல் என்று வேறு பேர் வைத்தார். "அரிப்பு சொறிஞ்சா அடங்கிரும். எட்டாவல் அடங்காது. அதுகூட ஒக்காந்து பழகணும், அம்புட்டுத்தான்" என்பார். சொல்லத் தெரிந்ததே தவிர அவருக்கே உட்காரத் தெரியவில்லை.

போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் நம் ஏலத்தோட்டம் இருக்கிறது. நீ வளர்ந்த பிறகு அங்கே வந்ததில்லை. மலைக்காய்ச்சல் என்று சொல்லி நான்தான் உன்னை ஏறவிடவில்லை. தோட்டத்தின் ஓரமாக ஓர் ஓடை வரும். உலகத்தில் ஓடை என்றால் மழையில் ஓடும், கோடையில் வற்றும். இந்த ஓடை கோடையில் சலசலவென்று ஓடும், ஆடி மாதத்து அடைமழையில் வற்றிப்போகும். வேலையாட்கள் அதற்குச் சாமி காரணம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். உன் அப்பாவால் அப்படி விட முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த ஓடைப் பேச்சுத்தான். "மழையில அந்தத் தண்ணி எங்க போகுது?" என்று என்னிடம் கேட்பார், நான்தான் அதைச் சேலைக்குள் மறைத்து வைத்திருக்கிறது போல.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. அதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். மஞ்சுக்குள் காய் எடுக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, அதனால் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் பதில் கொடுக்கவில்லை என்றால் எல்லாருமாகத் தேட ஓடமாட்டார்கள். அந்த ஆளைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒருவரை உட்கார்த்திவிட்டுத்தான் மற்றவர்கள் தேடப் போவார்கள். உட்கார்ந்தவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இடத்தை விட்டு அசையக் கூடாது. தொலைந்தவன் எங்கே திரும்பினாலும் குரல் ஒரே இடத்திலிருந்து வந்தால்தான் அவனுக்கு வழி கிடைக்கும். மாற்றுக்கு இன்னொருவர் வந்து தோளைத் தொட்டால்தான் எழலாம், தொட்டவர் அந்த இடத்தில் உட்கார வேண்டும். பதில் வரவில்லை என்பதற்காக ஆள் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மஞ்சு குரலைத் தின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். இப்படி உட்கார்கிற ஆளுக்கு மலையில் தனியாகப் பேர் எதுவும் இல்லை. உன் அப்பா சும்மா இருப்பாரா? நிலைக்குரல் என்று வைத்தார்.

அந்த ஆடியில் காய் எடுப்பு தொடங்கியதும் மலைக்குப் போனார். வேலையாட்களுக்குத் தலைவராக வீரணன் அண்ணன் இருந்தார். ஒரு முற்பகலில், மழை கொஞ்சம் விட்டு மஞ்சு இறங்கின நேரத்தில், "ஓடை எங்க நிக்கிதுன்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு உன் அப்பா ஓடைக்கரையோடு மேலே ஏறியிருக்கிறார். கொஞ்ச நேரம் குரல் கொடுத்தால் பதில் வந்திருக்கிறது. பிறகு வரவில்லை.

வீரணன் அண்ணன் முறைப்படி எல்லாம் செய்தார். கடைசியாகப் பதில் வந்த இடத்துக்கு நேரே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஆள் உட்கார்த்தித் தேடினார்கள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தேடப் போனவர்களுக்குக் காய்ச்சல் கண்டு ஒவ்வொருவராகப் போடிக்கு இறங்கினார்கள். கடைசியில் வீரணன் அண்ணன் மட்டும் அந்தப் பாறையில் தனியாக உட்கார்ந்து, தொண்டையில் சத்தம் வராமல் போன பிறகும் தகரத்தைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அப்புறம் அவருக்கும் காய்ச்சல் வந்தது. நம் வாசலில் வந்து நின்றபோது நிற்க முடியாமல் நடுங்கினார். செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டது, அதனால் அதைப் பற்றி அவர் பேசவில்லை. "மாத்துக்கு ஆள் இல்லாம எந்திரிச்சு வந்துட்டேன் ஆத்தா. எந்திரிச்சு வந்துட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் காய்ச்சலைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

வேலையாட்கள் வீட்டுக்காரர்களிடம் எட்ட நின்று பேசுகிற காலம் அது. நான் இறங்கிப் போய் அவர் தோளைத் தொட்டேன். "நான் ஒக்காந்துட்டேன் அண்ணே. நீங்க போயிக் கஞ்சி குடிங்க" என்றேன். அங்கே நின்றவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். வீரணன் அண்ணன் மட்டும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அப்பு, என் கழுத்தில் இந்தத் தாலி இன்று வரை இருப்பதற்கு அதுதான் காரணம். உன் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள், நீயும் நினைத்திருப்பாய். நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. கூப்பிடுகிறவள் இடம் மாறக் கூடாது, அதனால் மாறவில்லை.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு அப்பனை உனக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருவர் கண்டிச்சீமைக்குக் கப்பல் ஏறியதைப் பார்த்தவரைப் பார்த்தேன் என்றார். இன்னொருவர் தேயிலைத் தோட்டத்தில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்றார். பெரியவர் மிதித்துவிட்டார் என்று ஒரு பேச்சு. மலையில் யானையைப் பேர் சொல்லமாட்டார்கள், பெரியவர் என்றுதான் சொல்வார்கள். கோடாங்கி ஒருவர் உடுக்கை அடித்துத் தெற்கே இருக்கிறார் என்றார், அடுத்த ஊர்க் கோடாங்கி சாமி சேர்த்துக்கொண்டது என்றார். தருப்பையில் ஆள் செய்து எரித்துக் கருமாதியை முடி என்று என் கூடப் பிறந்தவனே வந்து நின்றான். "எதுவோ ஒண்ணு நடந்திருச்சுன்னு வச்சுக்கிட்டாத்தான் நீயும் நிம்மதியா இருக்கலாம்" என்றான். பாவம், என் மேல் உள்ள பிரியத்தில் சொன்னான். ஆனால் அது தெரிபூச்சு. மெழுகிவிட்டு அதன்மேல் பாய் விரித்துப் படுக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ வந்து கேட்டாய். ஆறு வயசு இருக்கும். "அப்பா எங்க ஆத்தா?" என்றாய். எனக்குத் தெரியாது என்றேன். "எப்ப வருவாரு?" தெரியாது. "வருவாரா?" தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து, "பச்சப்புள்ளகிட்ட இப்பிடியா சொல்லுவ? ஊருக்குப் போயிருக்காருன்னு சொன்னா என்ன?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நீ என்னை இரண்டு கையாலும் அடித்தாய். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாய். அவர்கள் சொன்ன பொய்யை நான் சொல்லியிருந்தால் நீ அன்றைக்குச் சாப்பிட்டிருப்பாய். ஆனால் பொதிமாடு இறங்கிவருகிற ஒவ்வொரு நாளும் பாதையில் போய் நின்று ஏமாந்து திரும்பியிருப்பாய், கடைசியில் என்னையும் நம்பாமல் போயிருப்பாய். அன்று சொன்னதற்கு நான் இன்றும் வருந்தவில்லை. நீ அடித்த இடம் மட்டும் நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

இனிமேல் எழுதப்போவது வீரணன் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே இப்போது எனக்கு மட்டும் தெரிந்தது.

அடுத்த கோடையில் நான் முதல்முறையாக மலை ஏறினேன். தோட்டத்தை யாராவது பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன், உண்மையில் ஓடையைப் பார்க்கத்தான் போனேன். ஓடை ஓடிக்கொண்டிருந்தது. வீரணன் அண்ணன் முன்னால் போக, கரையோடு மேலே ஏறினோம். அந்தப் பாறையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெரிய பெரிய கல்லாகக் கிடக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பெரணிச் செடி அடர்ந்து, பார்த்தால் தரை மாதிரியே இருக்கிறது. அண்ணன் கம்பால் தட்டிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் கம்பு முழுக்க உள்ளே போனதும் நின்றார். செடியை விலக்கிப் பார்த்தோம். ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு. உள்ளே இருட்டு. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. நான் ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். காது கொடுத்துக் கேட்டோம். சத்தம் வரவில்லை.

ரொம்ப ஆழமாக இருந்தாலும் சத்தம் வராது. அடியில் சருகு மெத்தென்று கிடந்தாலும் வராது. அண்ணன் இன்னொரு பெரிய கல்லை எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கினேன். போட முடியவில்லை, அப்பு. அவர் அங்கே இருந்தால் அவர் மேல் விழுமே என்று தோன்றிவிட்டது. கல்லைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் கழித்து, "கயிறு கட்டி நான் எறங்கிப் பாக்கவா ஆத்தா?" என்றார். அவருக்கு வீட்டில் சின்னஞ்சிறுசுகள் இருந்தார்கள். "நீங்க எறங்கி வரலேன்னா ஒங்க வீட்டுல இன்னொருத்தி ஒக்காரணும் அண்ணே. வேண்டாம்" என்றேன். பெரணியை இழுத்துவிட்டு, யாரும் அந்தப் பக்கம் மிதிக்காதபடி முள்ளை வெட்டிப்போட்டு மூடிவிட்டு இறங்கினோம். ஊரில் சொல்லாதீர்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். சொல்லியிருந்தால் மறுநாளே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டிருக்கும். குழி இருக்கிறது, ஆகவே விழுந்தார், ஆகவே செத்தார், ஆகவே தாலியைக் கழற்று. குழி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர் அதில் விழுந்தார் என்பது தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை வருஷமும் குடியிருக்கிறேன். மழையில் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் எனக்கு இன்று வரை தெரியாது. அந்தப் பிளவுக்குள் போகிறதோ என்னவோ.

வருஷா வருஷம் காய் எடுப்புக்கு ஏறும்போது அந்தப் பாறையில் போய் உட்காருவேன். வீட்டில் நாங்கள் புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. நான் அவரோடு வாழ்ந்த காலத்தில் ஒருமுறைகூட அவர் பேரைச் சொன்னதில்லை, "இந்தாங்க" என்பேன், "ஒங்களத்தான்" என்பேன். மலையில் ஒங்களத்தான் என்று கூப்பிட்டால் யார் திரும்புவார்கள்? அதனால் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். முதல்முறை சொன்னபோது நாக்கு கூசியது. யாராவது கேட்டுவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். அப்புறம் அந்தப் பேர் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இங்கே அதை எழுத மாட்டேன், அது அந்தப் பாறைக்கு உரியது.

இப்போது நம் காரியத்துக்கு வருகிறேன். பெண் வீட்டார் கேட்பது தப்பில்லை. அவர்களுக்கு அவர்கள் பெண் பெரிது. அவர்கள் கையில் இரண்டே வார்த்தைகள் இருக்கின்றன, சுமங்கலி என்று ஒன்று, மற்றது நான் எழுத விரும்பாதது. என்னை எதில் அடைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். எனக்கும் வயசாகிவிட்டது. போன ஆவணியில் அந்தப் பாறைக்கு ஏறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன். குரலும் முன்போல இல்லை, பக்கத்துத் தோட்டம் வரைக்கும்கூட எட்டாது. நான் போய்விட்டால் அந்த இடம் காலியாகிவிடும். மாற்று இல்லாமல் எழுந்து வந்ததற்கு வீரணன் அண்ணன் எப்படி நடுங்கினார் என்று பார்த்தவள் நான்.

அதனால் மழை விட்டதும் மார்கழியில் நீ மலைக்கு வா. நான் முன்னதாகவே போய் இருப்பேன். அந்தப் பிளவை உனக்குக் காட்டுகிறேன். எட்ட நின்று பார், கல் எதுவும் போடாதே. அப்புறம் பாறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து யோசி. நீ என் தோளைத் தொட்டால் நான் எழுந்துவிடுவேன். எழுந்து அங்கேயே தாலியைக் கழற்றி உன் கையில் கொடுப்பேன். அவர் செத்துவிட்டார் என்று கழற்ற மாட்டேன், எனக்குத் தெரியாததை என் கழுத்து சொல்லக் கூடாது. என் முறை முடிந்தது, மாற்றுக்கு ஆள் வந்துவிட்டது என்று கழற்றுவேன். பெண் வீட்டார் அதற்கு அவர்களுடைய பேரை வைத்துக்கொள்ளட்டும். உன் கல்யாணத்தில் அந்தத் தட்டை நான் தொட முடியாது, தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். ஒற்றைப் பிள்ளையைப் பெற்று வளர்த்தவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தொடுவதற்கு முன்னால் நன்றாகத் தெரிந்துகொள். தொட்டவன் உட்கார வேண்டும். பாறையில் உட்காரச் சொல்லவில்லை, உனக்கு மதுரையில் வேலை இருக்கிறது, வீடு வாசல் வரப்போகிறது. யார் கேட்டாலும் நீ தெரியாது என்று சொல்ல வேண்டும். ஒரு சபையில், பெரிய மனிதர்கள் நடுவில், உன் அப்பா எப்போது காலமானார் என்று கேட்பார்கள். ஏதாவது ஒரு வருஷத்தைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம், பேச்சு அதோடு முடியும். நீ தெரியாது என்று சொல்லிவிட்டு அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து தாத்தா எங்கே என்று கேட்டு, நீ தெரியாது என்று சொன்னதும் உன்னை அடிக்கும். வாங்கிக்கொள்ள வேண்டும். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் இதோடு சேர்ந்துதான் வாழ வேண்டியிருக்கும், ஆகவே மலைக்கு வருவதற்கு முன்னால் அவளுக்குச் சொல்லி அனுப்பு. அவள் ஏன் என்று கேட்டால் சந்தோஷப்படு. நம் வீட்டில் அந்த அரிப்பு உள்ளவர்கள் இல்லாமல் போய் ரொம்ப நாளாகிறது.

தொட மனசு வரவில்லை என்றால் தொடாதே. எனக்குக் கோபம் வராது. நான் இருக்கிறபடியே இருந்துவிட்டுப் போகிறேன். அப்போது பெண் வீட்டாரிடம் போய் என் ஆத்தா இப்படியேதான் இருப்பாள் என்று நீதான் சொல்ல வேண்டும். கல்யாணம் தட்டிப்போகலாம். அதையும் நினைத்துப் பார்த்துக்கொள். எது சரி என்று என்னைக் கேட்காதே, அது எனக்கும் மஞ்சறிவாகத்தான் இருக்கிறது. கால் வைக்கிற இடம் தெரிகிறது, அடுத்த எட்டு தெரிகிறது.

அப்பா இருக்காரா ஆத்தா என்று கேட்டாய். தெரியாது அப்பு. ஆறு வயசில் உனக்குச் சொன்ன அதே பதில்தான். அன்றைக்கு உன்னிடம் சொன்னது ஒரு வார்த்தை, இன்றைக்குச் சொல்வதற்குள் ஒரு வாழ்நாள் போய்விட்டது.

மார்கழியில் பாதை காய்ந்திருக்கும். முள் மட்டும் பார்த்து வா. மேலே ஏறி வரும்போது மஞ்சு இறங்கிவிட்டால் பயப்படாதே, தேடி அலையாதே, நின்ற இடத்திலிருந்து ஒரு குரல் கொடு. உனக்கு நான் பதில் கொடுப்பேன்.